பிள்ளைகளோடு சென்னை: மட்டக்களப்பிலிருந்து போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கலியாணச் சேலை எடுக்க, கண் காட்ட, கோயில் கும்பிட என்று நம் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் குறைவில்லை. பிள்ளைகளையும் கூட்டிப் போவார்கள். திரும்பி வந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்டால் பிள்ளை தியாகராய நகரில் எத்தனை மாடிக் கடை ஏறி இறங்கியது என்றுதான் சொல்லும். போவதற்கு முதல் என்னிடம் வந்து விசாரித்தவர்கள் கேட்டதையெல்லாம் அவர்கள் கேட்டபடியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

சென்னையில புள்ளைகளுக்குப் பாக்க என்னதான் இருக்கு? எல்லாம் கடையும் சனமும்தானே?

கடையும் சனமும் உண்டுதான். ஆனால் நகரத்துக்கு நடுவிலேயே மான் திரியும் காடு இருக்கிறது. 1851இல் தொடங்கிய அரும்பொருட்காட்சியகம் இருக்கிறது. தெற்கே கடற்கரை வீதியில் முதலைப் பண்ணையும் மாமல்லபுரமும் இருக்கின்றன.

எனக்குத் தெரிந்தவரையில் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு சென்னை மூன்று பக்கம்தான்: கிண்டி–கோட்டூர்புரம் பக்கம், எழும்பூர்–மெரினா பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் பிள்ளை அழாது, உங்களுக்கும் பிரசர் ஏறாது. காலையில் வண்டலூர் மிருகக்காட்சிச்சாலை, பின்னேரம் மெரினா கடற்கரை என்று திட்டம் போட்டால் அன்றைய நாள் வீதியிலேயே போய்விடும்.

ஒரே ஒரு இடம்தான் கூட்டிப் போக ஏலும் எண்டா எங்க போற?

கிண்டி. யோசிக்கவே வேண்டாம். கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீற்றர். உள்காட்டுக்குள் பொதுமக்களை விடுவதில்லை, அதன் ஓரத்தில் இருக்கும் சிறுவர் பூங்காவுக்குத்தான் போகலாம். அது போதும். புள்ளிமான் நமக்குப் புதிதல்ல, உகந்தை, குமனைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். வெளிமான் இலங்கையில் இல்லை. ஆண் வெளிமானின் முறுக்கிய கொம்பைப் பிள்ளைக்குக் கட்டாயம் காட்டுங்கள். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். படத்தில் பார்ப்பதைவிட நேரில் பார்க்கிறபோது சின்ன உருவம்.

பக்கத்துச் சுவரோடு பாம்புப் பண்ணை. 1972இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. வயல் பக்கத்துப் பிள்ளைகள் புடையனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கும், ஆனால் நின்று நிதானமாகப் பார்த்திருக்காது. இங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, எது நஞ்சுள்ளது, எது சாதுவானது என்று பார்த்துப் பழகலாம். வயலுக்குள் இறங்குகிற குடும்பத்துக்கு இது வெறும் வேடிக்கை இல்லை.

அங்கிருந்து ஓட்டோவில் ஏறினால் சற்று நேரத்தில் கோட்டூர்புரம். பிர்லா கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் அந்தப் பக்கம்தான். கோளரங்கத்தில் தமிழிலும் காட்சி உண்டு, ஆங்கிலக் காட்சிக்கு டிக்கட் எடுத்துவிடாமல் கேட்டு வாங்குங்கள். 2010இல் திறந்த நூலகத்தில் சிறுவர் பகுதிக்குள் செயற்கை மரம் ஒன்று வைத்திருக்கிறார்கள், அதைச் சுற்றி இருந்து படிக்கலாம். மத்தியான வெயிலில் பிள்ளையை வைத்திருக்க இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் நான் காணவில்லை.

எந்த நாள்ல எது பூட்டு? போய் வாசல்ல நிண்டு திரும்பி வந்த கதை நிறையக் கேள்விப்பட்டிருக்கன்.

செவ்வாய்க்கிழமையை நினைவில் வையுங்கள். கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா, முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்திரா எல்லாம் செவ்வாயில் பூட்டு. எழும்பூர் அரும்பொருட்காட்சியகம் வெள்ளிக்கிழமை பூட்டு. முதலைப் பண்ணை திங்கட்கிழமை பூட்டு. ஆகவே செவ்வாய் எழும்பூருக்கு, வெள்ளி கிண்டிக்கு என்று மாற்றிப் போட்டால் சரி.

ஞாயிறு எல்லாம் திறந்திருக்கும், ஆனால் முழுச் சென்னையும் அங்கேதான் நிற்கும். தைப்பொங்கல் கழிந்து வரும் காணும் பொங்கலன்று மெரினா, கிண்டி, வண்டலூர் மூன்று பக்கமும் தலை வைக்கவேண்டாம். கையை விட்டால் பிள்ளையைத் தேட வேண்டிவரும்.

எந்த லீவுக்குப் போனா நல்லம்? ஏப்ரலா, ஆகஸ்டா, டிசம்பரா?

சித்திரை லீவுக்குப் போகிறவர்கள்தான் கூட. அதுதான் மோசமான நேரமும். ஏப்ரலில் அங்கே வெயில் ஏறத் தொடங்கி மே மாதம் அக்கினி நட்சத்திரத்தில் உச்சிக்குப் போகும். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் நாம் படும் வெக்கையோடு கட்டிடச் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். போவதென்றால் காலை பத்து மணி வரை வெளியில், மறுபடி நாலு மணிக்குப் பிறகு வெளியில், இடையில் கூரைக்குக் கீழே என்று வையுங்கள்.

டிசம்பருக்கு வேறு கணக்கு. நமக்கு மாரி கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுத்தான் சென்னைக்கும். இங்கே வெள்ளத்துக்குத் தப்பிப் போய் அங்கே வெள்ளத்தில் நிற்பீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரம் தண்ணீருக்குள் கிடந்தது. மாதக் கடைசியில் பொதுவாக மழை தணிந்துவிடும், ஜனவரி, பெப்ரவரி அருமையான காலம். லீவு இல்லையே என்பீர்கள். அப்போ ஆகஸ்ட். வெயில்தான், ஆனால் பின்னேரம் சில நாளில் மழை தூறும்.

விசா, பாஸ்போட் எல்லாம் புள்ளைக்கும் தனியா எடுக்கணுமா?

ஆம், கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போட், தனி விசா. இலங்கைப் பாஸ்போட்டுக்கு இந்திய மின்விசா இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சுற்றுலாவுக்கு ஒரு வகை, வைத்தியத்துக்கு வேறு வகை, நோயாளியோடு துணைக்குப் போகிறவருக்கு இன்னொரு வகை. என்ன காரியத்துக்குப் போகிறீர்களோ அதற்குரியதையே எடுங்கள்.

ஏயார்போட்டில இறங்கி எப்படிப் போற? ஓட்டோக்காரர் ஏமாத்துவாங்களாமே?

விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ ரெயில் ஓடுகிறது. குளிரூட்டியது, லிப்ட் உண்டு, நெரிசல் நேரம் தவிர இருக்க இடம் கிடைக்கும். கோச்சியில் மட்டக்களப்பு–கொழும்பு இரவுப் பயணம் போய்ப் பழகிய பிள்ளைக்கு, மேம்பாலத்தில் ஓடி நிலத்துக்குக் கீழே இறங்கும் ரெயிலே ஒரு காட்சிதான். சாமான் குறைவென்றால் இதில் போங்கள்.

ஓட்டோவில் மீற்றர் போடச் சொல்லிச் சண்டை பிடித்து நேரத்தைக் கெடுக்காதீர்கள். ஊபரில் அந்த ஓட்டத்துக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டு, அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். சொல்லும் தொகையை நம் காசுக்கு மாற்றி மலைப்பதும், மாற்றாமல் மலிவு என்று நினைத்து ஏறுவதும் இரண்டும் நடக்கிறது. இந்திய ஒரு ரூபா நம் மூன்று ரூபாவுக்கு மேல் என்பது மனதில் இருக்கட்டும்.

பஸ்ஸில் போகிற பெண்களுக்கு ஒரு விசயம். 2021இலிருந்து மாநகர சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் காசு இல்லை. கண்டக்டர் டிக்கட் தருவார், வாங்கி வைத்திருக்க வேண்டும்.

மெரினாவில புள்ளைகள் கடல் குளிக்க ஏலுமா?

ஏலாது. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாசிக்குடாவில் எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணி இடுப்புக்கு மேல் ஏறாது என்று பழகிய பிள்ளைகள், எல்லாக் கடலும் அப்படித்தான் என்று நினைத்து ஓடும். மெரினாவில் கரை சட்டென்று ஆழமாகும், அலை காலை வாரும், அடியில் நீரோட்டம் இழுக்கும். ஒவ்வொரு வருசமும் ஆட்கள் மூழ்கிச் சாகிறார்கள். பொலிஸும் குளிக்க விடாது. பெசன்ட் நகர்க் கடற்கரையும் பார்க்க அமைதி, குணம் அதேதான்.

மெரினாவுக்குப் பின்னேரம் போங்கள். மணலில் நடந்து, காற்று வாங்கி, தேங்காய் மாங்காய் போட்ட சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் சாப்பிட்டு வருவதற்கான இடம் அது. தெற்கு முனையில் கலங்கரை விளக்கம் இருக்கிறது. நம் முகத்துவாரத்து வெளிச்சவீட்டைப் போலப் படி ஏற வேண்டாம், லிப்ட் உண்டு. பகலில் இடைவேளை விட்டுத் திறப்பார்கள், பாஸ்போட்டைக் கையில் வைத்திருங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஒரு நாள் காணுமா? முட்டுக்காட்டில படகு ஓடலாமாமே?

வாவிக் கரையில் வளர்ந்த பிள்ளையை இந்தியாவுக்குக் கூட்டிப் போய்க் கழிமுகத்தில் படகு ஏற்றுவது உங்கள் இஷ்டம். நான் காசு கொடுக்கமாட்டேன்.

அந்தச் சாலையில் ஒரு நாளைக்கு இரண்டு இடம்தான் சரிவரும். ஒன்று மாமல்லபுரம், மற்றது தட்சிணசித்திராவோ முதலைப் பண்ணையோ. தட்சிணசித்திராவில் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் என்று தென்னாட்டுப் பழைய வீடுகளைக் கொண்டுவந்து கட்டி வைத்திருக்கிறார்கள். திண்ணை, முற்றம், ஊஞ்சல் எல்லாம் பிள்ளைகள் ஏறி இறங்கலாம். 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையும் விட்டேக்கர் ஆரம்பித்ததுதான். நம் குளத்து முதலை அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும். அதைவிட, நீண்டு மெலிந்த மூக்கோடு இருக்கும் கரியால் என்ற வட இந்திய முதலையைத் தேடிப் பாருங்கள், அது நம் நாட்டில் இல்லை.

மாமல்லபுரம் கல்லுத்தானே, சின்னப் புள்ளைகளுக்கு என்ன விளங்கும்?

பெரியவர்களைவிட அவர்களுக்குத்தான் விளங்கும். அருச்சுனன் தபசு என்னும் பாறை ஏறத்தாழ 30 மீற்றர் நீளம். அதில் சாமியையும் அரசனையும் தேடி நிற்காதீர்கள். பெரிய யானையின் காலடியில் குட்டி யானைகள் நிற்பதைக் காட்டுங்கள். அப்புறம் அந்த யானைக்குப் பக்கத்தில் பூனையைத் தேடச் சொல்லுங்கள். முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பு தெரிய, பூனை தவம் செய்துகொண்டு நிற்கும். காலடியில் எலிகள் நம்பி வந்து கும்பிடும். பல்லவர் காலத்துச் சிற்பி விட்ட பகிடி, ஆயிரத்து முந்நூறு வருசமாக அப்படியே இருக்கிறது. கண்டுபிடித்த பிள்ளை மற்றவர்களுக்குக் காட்டாமல் விடாது.

ஐந்து ரதத்தில் முழு அளவுக் கல் யானை நிற்கிறது. சரிவில் உருளப்போவதைப் போல நிற்கும் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்ற பாறைக்குக் கீழே எல்லாரும் தாங்கிப் பிடிப்பதாகப் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுப்பீர்கள். வெள்ளன போங்கள். அந்த இடத்தில் நிழல் குறைவு, பத்தரை மணிக்குப் பிறகு கல் சுடும்.

நாங்க வெளிநாட்டாக்கள்தானே, டிக்கட்டுக்குக் கூடக் காசு எடுப்பாங்களா?

இடத்தைப் பொறுத்தது. இதில்தான் நம்மவர்கள் கூடுதலாகக் காசு விடுகிறார்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் போன்றவை இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் வருகின்றன. அங்கே சார்க் என்ற தெற்காசிய நாடுகள் அமைப்பில் உள்ள நாட்டவருக்கு இந்தியர்களுக்குரிய கட்டணமே. மற்ற வெளிநாட்டவர் 600 ரூபா கொடுக்கும் இடத்தில் இலங்கையர் 40 ரூபா கொடுத்தால் போதும். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கட்டே இல்லை. பாஸ்போட்டைக் காட்டி, "சார்க், ஸ்ரீலங்கா" என்று சொல்லுங்கள். கவுண்டரில் இருப்பவர் தெரியாமல் மறுத்தால் பக்கத்தில் இருக்கும் கட்டணப் பலகையைக் காட்டுங்கள், அதிலேயே எழுதியிருக்கும்.

எழும்பூர் அரும்பொருட்காட்சியகம் மாநில அரசுடையது. அங்கே இந்தச் சலுகையைக் கேட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள், வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம்தான்.

வண்டலூருக்குப் போறதா, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையே போதுமா?

இரண்டும் ஒன்றல்ல. வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேயர் என்று கணக்கு. கூடு கூடாக அடுக்காமல் அகழி வெட்டி விட்டிருக்கிறார்கள். 1855இல் சென்னை அரும்பொருட்காட்சியக வளவில் தொடங்கி, நகருக்குள்ளேயே இடம் மாறி, 1985இல் வண்டலூருக்குப் போனது. வெள்ளைப் புலியும் உண்டு.

சிக்கல் நடைதான். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் பற்றரி வண்டியில் ஏறிச் சுற்றுங்கள், நடந்து பார்க்க நினைக்கவேண்டாம். தாம்பரத்தைத் தாண்டி வண்டலூர் ரெயில் நிலையம் இருப்பதால் புறநகர் ரெயிலில் போவது சுகம். மூன்று நாள் மட்டும் இருந்தால் இதை விட்டுவிடலாம். கிண்டி காணும்.

மியூசியம் புள்ளைகளுக்கு அலுக்காதா?

எல்லா அறையையும் பார்க்கக் கூட்டிப் போனால் அலுக்கும். திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கும் பகுதிக்கு முதலில் போங்கள், பிறகு வெண்கலச் சிலைகளுக்குப் போங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைப் பிள்ளைக்குக் காட்டி, எந்தப் பக்கம் ஆண், எந்தப் பக்கம் பெண் என்று கேளுங்கள். இடுப்பு வளைவிலும் கையிலும் பதில் இருக்கிறது. ஒன்றரை மணித்தியாலத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

அம்மாவுக்கு ஒப்பரேசன். ஆஸ்பத்திரியில ஒராள் நிக்க, புள்ளைகள வெச்சிக்கு மற்றாள் என்ன செய்யிற?

கிரீம்ஸ் ரோடு, நுங்கம்பாக்கம் பக்கம்தான் அநேகமாகத் தங்குவீர்கள். அங்கிருந்து கதீட்ரல் ரோட்டில் செம்மொழிப் பூங்கா கிட்ட. முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் இருந்த வளவில் 2010இல் திறந்தது. மரமும் நிழலும் நடைபாதையும்தான், ஆனால் ஆஸ்பத்திரி அறைக்குள் அடைபட்ட பிள்ளைக்கு அதுவே போதும். எதிர்ப்பக்கம் 2024 ஒக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. கம்பியில் தொங்கிப் போகும் விளையாட்டு, பறவைக்கூடம் எல்லாம் உண்டு, ஆனால் உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கட். முதலிலேயே பிள்ளையிடம் இரண்டு மட்டும் என்று பேசி வையுங்கள். மேலே சொன்ன எழும்பூர் மியூசியமும் தூரமில்லை. போன் வந்தால் அரை மணித்தியாலத்தில் திரும்பக்கூடிய இடங்களையே பாருங்கள், கடற்கரைச் சாலையைப் பிறகு யோசிக்கலாம்.

நாங்க காத்தான்குடி. ஹலால் சாப்பாடு, தொழுகை ரெண்டுக்கும் கரச்சல் இல்லாம எங்க தங்குற?

திருவல்லிக்கேணி. 1795இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது, சுற்றி ஹலால் கடைகள் நிறைய. மெரினா நடந்துபோகும் தூரம். கடைகள் நெருக்கமான பகுதிதான், அறை எடுக்கும்போது வீதிப் பக்கம் இல்லாமல் கேளுங்கள். கடற்கரைச் சாலைக்குப் போகும் நாளில் மத்தியானச் சாப்பாட்டை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள், வழியில் தேடி அலைய வேண்டாம்.

மயிலாப்பூர்க் கோயிலுக்குப் புள்ளைகளையும் கூட்டிப் போறம். வேற ஏதாவது அங்க இருக்கா?

கபாலீசுவரர் கோயில் மத்தியானம் நடை சாத்தும், காலையிலோ பின்னேரமோ போங்கள். பக்கத்தில்தான் ராமகிருஷ்ண மடம். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1922இல் சேர்ந்த மடம் அது. 1924இல் துறவு பெற்று நம் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் அடிகளாரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற பிள்ளைக்கு அந்த வாசலைக் காட்டாமல் வரலாமா?

மாமிக்குக் கால் ஏலாது. அவவையும் கூட்டிப் போகலாமா?

மெட்ரோ நிலையங்களில் லிப்ட் உண்டு. வண்டலூரில் பற்றரி வண்டி பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். மெரினாவில் சக்கர நாற்காலியோடு கடல் பக்கம் போக 2022இல் மரப்பாதை போட்டார்கள். மாமல்லபுரத்தில் கல்லும் மணலும், அவவை அருச்சுனன் தபசுக்கு முன்னால் வீதியோரத்தில் இருத்திவிடலாம், பார்க்க வேண்டியது அங்கிருந்தே தெரியும்.

மகனுக்கு பதினாலு வயசு. பூங்கா, மான் எண்டா வரமாட்டன் எண்டு நிக்கிறான்.

பாம்புப் பண்ணைக்கு வருவான், கேட்டுப் பாருங்கள். பெரம்பூரில் ரெயில் பெட்டித் தொழிற்சாலையோடு சேர்ந்த ரெயில் அருங்காட்சியகம் இந்த வயதுக்குப் பிடிக்கும், பழைய இயந்திரங்களைக் கிட்ட நின்று பார்க்கலாம். கடற்கரைச் சாலையில் வீஜீபீ மரைன் கிங்டம் இருக்கிறது, கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடந்தால் தலைக்கு மேல் மீன் ஓடும். டிக்கட் விலை கொஞ்சம் கூட.

பெரிய கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றியும் கேட்கிறார்கள். முழு நாளும் அங்கேயே போகும், நாலு பேருக்கு டிக்கட் எடுத்தால் பர்ஸ் மெலியும். ஒரு கிழமை நிற்பவர்களுக்குச் சரி. மூன்று நாளுக்கு வந்தவர்கள் அதற்கு ஒரு நாளைக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

சொந்தக்காரர் வீட்டில நிக்கிறம். அதுக்கும் ஏதும் பதியணுமா?

வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணித்தியாலத்துக்குள், முன்பு ஃபார்ம் சி என்று சொன்ன படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். ஹோட்டல்காரர் தாங்களே செய்வார்கள், அதனால்தான் பாஸ்போட்டும் விசாவும் பிரதி எடுப்பார்கள். சொந்தக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், போகமுதலே சொல்லி வையுங்கள்.

கடைசி நாள் பிளேன் ராவைக்கு. ஹோட்டலைப் பன்னிரண்டு மணிக்கே விடணும். சாமானோட எங்க திரியிற?

சாமானை ஹோட்டல் வரவேற்பிலேயே வைக்கலாம், அநேகமான ஹோட்டல்கள் ஏற்கும். அன்றைக்கு மாமல்லபுரம் பக்கம் போகவேண்டாம், திரும்பும்போது நெரிசலில் மாட்டினால் பிளேன் போய்விடும். நகரத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையில் இருப்பது கிண்டிதான். கிண்டியை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்றால் மத்தியானத்தைக் கோட்டூர்புரம் நூலகத்தில் கழியுங்கள், நாலு மணிக்கு ஹோட்டலுக்குப் போய்ச் சாமானை எடுங்கள். பறப்புக்கு மூன்று மணித்தியாலம் முதல் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வாங்கின சாமானை முதல்நாள் இரவே நிறுத்துப் பாருங்கள், சேலை மூன்று எடுத்தால் எத்தனை கிலோ வரும் என்பது கடையில் நிற்கும்போது தெரியாது.